பில்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொய்க் கணினி

விண்டோஸ் மடிக்கணினி ஒன்று தன்னை லினக்ஸ் என்று முழுசாக நம்பிக்கொண்டு வேலை செய்வதை நான் நேரில் பார்த்துவிட்டேன்! முடிச்சூரில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தெருவில், இரண்டாவது மாடி வீட்டு ஹாலில். மேஜையில் ஒரே ஒரு மடிக்கணினி, பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கும் காபி. லினக்ஸ் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்கு லினக்ஸ் என்ன பதில் சொல்லுமோ அதையே அந்தக் கணினி சொன்னது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

செய்துகாட்டியவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பில்ட் இன்ஜினீயர். பில்ட் என்ற வேலை திரைக்குப் பின்னால் நடப்பது. அதைப் பார்க்க வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது அநேகமாக நடக்காத காரியம். "வாங்கக்கா, கிச்சனையே காட்டறேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கைப்பேசியில் ஒரு செயலி அப்டேட் கேட்கிறது, தட்டுகிறோம், வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் எங்கோ ஓரிடத்தில் மூல நிரலைக் கம்பைல் செய்து, டெஸ்ட்டுகளை ஓட்டி, படங்களையும் எழுத்துருக்களையும் சேர்த்துக் கட்டி, டிஜிட்டல் கையொப்பம் போட்டு, சர்வருக்கு ஏற்றியிருக்கிறார்கள். இந்த வரிசை மொத்தமும்தான் பில்ட். கையால் செய்தால் ஏதாவது ஒரு படி விட்டுப்போகும். அதனால் இதைச் செய்வதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிறார்கள். செயலியின் நிரலுக்கு ஆயிரம் டெஸ்ட் இருக்கும். அந்தச் செயலியை ஊருக்கு அனுப்பி வைக்கிற ஸ்கிரிப்ட்டுக்கோ பெரும்பாலான இடங்களில் ஒரு டெஸ்ட்கூடக் கிடையாது. அது சரியா தவறா என்பது ரிலீஸ் அன்று இரவுதான் தெரியும். இந்த நிலையை மாற்றியவர்களின் வேலையைத்தான் முடிச்சூரில் பார்த்தேன்.

முடிச்சூர்க்காரர்களுக்கு 2015 டிசம்பரை நினைவுபடுத்த வேண்டியதில்லை. அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள்ளும் வரதராஜபுரத்துக்குள்ளும் புகுந்து, தரைத்தள வீடுகளில் இருந்ததையெல்லாம் நாசமாக்கியது. பக்கத்து வீட்டுப் பெண் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. டீமில் ரிலீஸ் பில்ட் போடுகிற சீனியரின் வீடும் தரைத்தளம்தான். அவருடைய மடிக்கணினி தண்ணீரோடு போயிற்று.

"கோடு எல்லாம் சர்வர்ல பத்திரமா இருந்துச்சுக்கா. ஆனா அதை எப்படி பில்ட் பண்றதுன்னு அந்த லேப்டாப்புக்கு மட்டும்தான் தெரியும்."

எந்த ஃபோல்டரில் எந்த டூல், அதில் எந்த வெர்ஷன், எந்த அமைப்பு எங்கே மாற்றப்பட்டிருந்தது என்ற விவரமெல்லாம் வருஷக்கணக்காக அந்த ஒரு இயந்திரத்திலேயே படிந்திருந்தது. அதைத் திரும்ப உருவாக்க டீம் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அதற்குப் பிறகு பில்டையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

இந்தத் துறையின் ஆதிக்கதை வீணாய்ப்போன ஒரு காலைப்பொழுதில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன், சரியாக இருந்த நிரலுக்குள் பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். பிழையை முன்பே திருத்தியாயிற்று. திருத்திய கோப்பைத் திரும்பக் கம்பைல் செய்யாமல் விட்டதுதான் கோளாறு. அவர் கொதிப்போடு போய் நின்றது ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறையில். ஃபெல்ட்மனும் முந்தின நாள் சாயங்காலம் இதே தொல்லையில் மாட்டியிருந்தவர். அந்த வாரக்கடைசியிலேயே ஒரு கருவி எழுதிவிட்டார். 1976 ஏப்ரலில் பிறந்த அந்தக் கருவிக்கு மேக் என்று பெயர். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மாறியதை மட்டும் கண்டுபிடித்து அதைத் திரும்பக் கட்டும். 2003-இல் அதற்காக ஏசிஎம் விருது கொடுத்தார்கள்.

மேக் கோப்பில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் ஆகாது. இது சரியில்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுடைய கோப்புகளைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஐம்பது வருஷம் ஆகிறது, இன்றும் உலகம் முழுக்க அந்த டேப்பைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்!

மேக் பிறந்தது யூனிக்ஸ் உலகத்தில். அது கூப்பிடும் கட்டளைகளும் யூனிக்ஸ் கட்டளைகள். விண்டோஸுக்கு வந்தால் கோப்பை அழிக்கும் கட்டளை வேறு, பாதையின் சாய்கோடு வேறு, வரி முடியும் எழுத்தே வேறு. அதனால் டீம்கள் ஒரே வேலைக்கு இரண்டு ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டன, லினக்ஸுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று. ஒன்றைத் திருத்துகிறவர் மற்றதை மறப்பார். ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பொருளைக் கட்டிக்கொண்டிருக்கும்.

பில்டையும் நாம் தினமும் எழுதுகிற மொழியிலேயே எழுதினால் என்ன என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரூபிக்காரர்களுக்கு ஜிம் வைரிக் ரேக் செய்துகொடுத்தார். பவர்ஷெல்லில் ஜேம்ஸ் கோவாக்ஸின் சாகே வந்தது, எஃப் ஷார்ப்பில் ஃபேக் வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் ஸ்வென்சன் 2014-இல் சி ஷார்ப் மொழிக்காகத் தொடங்கியது கேக். முடிச்சூர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

முதலில் அவர் காட்டியது ஒரு மரம். கேக்கில் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். 'பேக்கேஜ்' என்ற டாஸ்க் 'டெஸ்ட்' என்பதைச் சார்ந்தது, 'டெஸ்ட்' 'பில்ட்' என்பதைச் சார்ந்தது, 'பில்ட்' 'க்ளீன்' என்பதைச் சார்ந்தது. எதற்குப் பிறகு எது என்று வரிசை போட்டு யாரும் எழுதுவதில்லை. எனக்கு முன்னால் இது முடிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வரி சொல்கிறது, வரிசையைக் கேக் கண்டுபிடிக்கிறது. அவர் கட்டளையின் வாலில் 'ட்ரீ' என்று சேர்த்துத் தட்டியதும் முழுச் சார்பும் கிளை கிளையாகத் திரையில் இறங்கியது. 'ட்ரைரன்' என்று தட்டினால் எதையும் செய்யாமல், செய்யப்போகும் வரிசையை மட்டும் ஒப்பிக்கிறது. நிஜமாக ஓட்டினால் கடைசியில் எந்த டாஸ்க் எவ்வளவு நேரம் எடுத்தது என்று அட்டவணை போடுகிறது. பில்ட் முடிந்ததும் அவர் கண் முதலில் போவது அந்த அட்டவணைக்குத்தான்.

"இதுல பெருசா ஒண்ணுமில்லக்கா. உள்ள வாங்க."

உள்ளே போனேன். கேக்கின் ரகசியம் அங்கே இருக்கிறது. ஸ்கிரிப்ட்டில் கோப்பை நகலெடு என்று எழுதினால், அந்தக் கட்டளை நேராக வட்டுக்குப் போவதில்லை. கான்டெக்ஸ்ட் என்ற ஒரு பொருளிடம் போய்க் கேட்கிறது. கோப்புகளைப் பற்றிக் கேட்க வேண்டுமா, கான்டெக்ஸ்ட். என்ன இயங்குதளம் என்று தெரிய வேண்டுமா, கான்டெக்ஸ்ட். இன்னொரு நிரலை ஓட்ட வேண்டுமா, அதுவும் கான்டெக்ஸ்ட். கேக்கின் கட்டளைகளுக்கு வெளியுலகம் முழுவதும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான். அப்படியென்றால் வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்பது நிஜக் கணினியாக இருந்தே தீர வேண்டுமா?

வேண்டாம்! கேக்கோடு கூடவே டெஸ்ட்டுக்கென்று ஒரு தொகுப்பு வருகிறது. அதில் ஒரு பொய்க் கோப்பு முறைமை, ஒரு பொய்ச் சூழல். நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபோல்டர்கள், நினைவகத்தில் மட்டும் இருக்கும் கோப்புகள். வடபழனி ஸ்டுடியோக்களில் தெர்மோகோலில் எழுப்பும் கோயில் கோபுரம் மாதிரி. கேமராவுக்கு அது கோபுரம்தான், ஸ்கிரிப்ட்டுக்கு இது வட்டுதான். யூனிக்ஸ் சூழல் வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், 'வொர்க்கிங்' என்ற ஃபோல்டரில் நிற்கும் ஒரு பொய் யூனிக்ஸ் பிறக்கிறது. விண்டோஸ் வேண்டும் என்றால் அதே ஃபோல்டர் சி டிரைவுக்குள் பிறக்கிறது.

அவர் எழுதிக் காட்டிய டெஸ்ட்டை அப்படியே சொல்கிறேன். பொய் யூனிக்ஸில், சிறிய ஐ எழுத்தில் தொடங்கும் 'இமேஜஸ்' ஃபோல்டருக்குள் லோகோ படம் ஒன்றை உருவாக்கினார். பிறகு பெரிய ஐ எழுத்தில் தொடங்கும் 'இமேஜஸ்' ஃபோல்டரில் அந்த லோகோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று வந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றி, யூனிக்ஸை விண்டோஸாக்கினார். இருக்கிறது என்று வந்தது! பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. பொய்க் கணினிக்கும் அது தெரிந்திருக்கிறது. நிஜத்தில் இரண்டு கேள்வியும் கேட்கப்பட்டது ஒரே விண்டோஸ் மடிக்கணினியில். நான் நாற்காலியை விட்டு எழுந்தது இந்த இடத்தில்தான்.

இவர்கள் டீமில் முன்பொரு ரிலீஸ் சரியாக இந்த ஓர் எழுத்தால் நின்றுபோயிருக்கிறது. எல்லார் மேஜையிலும் விண்டோஸ், சர்வர் மட்டும் லினக்ஸ். "என் மெஷின்ல ஓடுதே, என் மெஷின்ல ஓடுதேன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டு நின்னோம்" என்றார். இப்போது அந்தப் பிழைக்கு ஒரு டெஸ்ட் காவல் நிற்கிறது, ஒரு நொடிகூட எடுக்காமல் ஓடி முடிகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து வந்தது. பில்ட் என்பது பாதி நேரம் வேறு டூல்களைக் கூப்பிடும் வேலை. கம்பைலர், பேக் செய்யும் டூல், கையொப்பமிடும் டூல். டெஸ்ட் செய்வதற்காக நிஜமாகவே கையொப்பம் போட்டுப் பார்க்க முடியாது. அதற்குக் கேக் ஒரு ஃபிக்ஸ்சர் தருகிறது. அதை ஓட்டினால் டூல் ஓடாது. ஓடியிருந்தால் அதற்கு என்ன கட்டளை வரி போயிருக்கும் என்ற வாக்கியம் மட்டும் கையில் வரும். பெயரில் இடைவெளி உள்ள ஃபோல்டருக்கு மேற்கோள் குறி விழுந்திருக்கிறதா, வெர்ஷன் எண் சரியான இடத்தில் போயிருக்கிறதா என்று அந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல்லைச் சேர்ப்பதற்குத் தனி வழி இருக்கிறது. அப்படிச் சேர்த்தால் ஒரே கட்டளைக்கு இரண்டு வடிவம் கிடைக்கும். டூலுக்குப் போவதில் கடவுச்சொல் இருக்கும், லாகில் பதிவாவதில் அந்த இடம் மறைக்கப்பட்டிருக்கும். இதற்கும் அவர் டெஸ்ட் வைத்திருக்கிறார்: லாகில் கடவுச்சொல் தென்பட்டால் பில்ட் சிவப்பு.

அதே ஃபிக்ஸ்சரிடம், இந்தக் கணினியில் அந்த டூலே இல்லை என்று வைத்துக்கொள் என்று சொல்ல முடிகிறது. டூல் இருக்கிறது ஆனால் கிளம்ப மறுக்கிறது என்று சொல்லலாம். கிளம்பிப் பாதியில் பிழையோடு வெளியேறியது என்றும் சொல்லலாம். ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு வரி! ஸ்கிரிப்ட் அப்போது அமைதியாகத் தோற்கிறதா, காரணத்தைத் தெளிவாகச் சொல்லி நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். 2015-இல் தண்ணீரில் போன மடிக்கணினிக்குப் பதிலாக வேறொன்று வந்தபோது அதில் எந்த டூலும் இல்லை, எது இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. இன்று இவர் ஸ்கிரிப்ட்டை வெறும் கணினியில் ஓட்டினால், தேவையான டூலை அது எழுதி வைத்த வெர்ஷனில் தானே இறக்கிக்கொள்கிறது. இறக்க முடியாததைப் பெயர் சொல்லி நிற்கிறது. அந்த நிற்கும் இடத்துக்கும் ஒரு டெஸ்ட் இருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கேள்வி தொண்டைவரை வந்து நின்றது. தமிழ்க் கோப்புப் பெயர் என்றால் என்ன ஆகும்? தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. அந்த ஆபத்து நமக்கு இல்லை. கேட்டேன். அவர் சிரித்தார்.

"அதைவிடப் பெரிய ஆபத்து நமக்குன்னே தனியா இருக்குக்கா."

'பொருள்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். அதிலுள்ள 'பொ' யூனிகோடில் இரண்டு விதமாக அமையலாம். ப-வுக்குப் பிறகு ஒகரக் குறி முழுசாக ஒரே குறியீடாக வரலாம். அல்லது எகரக் கொம்பு தனியாக, கால் தனியாக, இரண்டு குறியீடுகளாக வரலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், திரையில் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. முதல் விதத்தில் 'பொருள்' ஆறு குறியீடு, யுடிஎஃப்-8-இல் 18 பைட். இரண்டாவது விதத்தில் ஏழு குறியீடு, 21 பைட். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். ஔ என்ற உயிரெழுத்தே ஒ-வும் இன்னொரு குறியுமாகப் பிரியும்.

ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்துத்தான் சேமித்தது. இப்போதைய ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்திலேயே வைத்துக்கொள்கிறது, தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸுக்கு வழக்கமாக இரண்டும் வெவ்வேறு கோப்பு. அதாவது ஆப்பிளில் சேர்ந்த 'பொருள்' கேட்டால் பிரிந்த 'பொருள்' கிடைக்கும், லினக்ஸில் கேட்டால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வரும். இந்தத் தொல்லைக்காகவே, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் ஆப்பிள் கணினிகளுக்கென்று தனி அமைப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள், பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்குத் திருப்பிக்கொள்ள.

பொய்க் கணினி இங்கே என்ன சொல்லும்? அவர் இரண்டு விதமாகவும் தட்டி, ஒன்றை உருவாக்கி மற்றதைத் தேடினார். இல்லை. ஆப்பிள் கணினியாக நடிக்கச் சொன்னாலும் இல்லை, ஏனென்றால் கேக்குக்கு ஆப்பிளும் யூனிக்ஸ் குடும்பம்தான். நிஜ ஆப்பிளில் கிடைத்திருக்கும். பொய்க் கணினியின் எல்லை இதோடு முடிகிறது, அதை அவரே வெளிப்படையாகக் காட்டினார். பெயர்களைப் பயன்படுத்தும் முன் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் வரி ஒன்றை ஸ்கிரிப்ட்டில் சேர்த்து, அந்த வரிக்கு டெஸ்ட் எழுதினார். சி ஷார்ப் ஓடும் டாட்நெட்டில் அதற்கு ஒரே ஒரு அழைப்பு போதும்.

எல்லையைத் தாண்டியதற்கு நிஜ இயந்திரங்கள் இருக்கின்றன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு, விண்டோஸ், ஆப்பிள் மூன்றிலும் ஒரே ஸ்கிரிப்ட்டை ஒரே நேரத்தில் ஓட்ட முடியும். நிறுவனங்களின் சொந்த நிரலுக்கு ஆப்பிள் நிமிடங்கள் மற்றவற்றைவிட விலை கூடுதல். மேஜையிலேயே பெரும்பாலான பிழையைப் பிடித்துவிட்டு, உண்மையான வட்டு வேண்டிய சோதனைகளை மட்டும் அங்கே அனுப்புவது அவர் பழக்கம். அங்கே பில்டை ஓட்டும் பைப்லைனில் என்ன நடக்கிறதோ அதே கட்டளையைத்தான் மேஜையிலும் தட்டுகிறார். பைப்லைன் கோப்பில் இருப்பது கேக்கைக் கூப்பிடும் ஒரு வரி, மற்றதெல்லாம் ஸ்கிரிப்ட்டில். நாளைக்கு வேறொரு பைப்லைனுக்கு மாறினாலும் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு பழக்கத்துக்காகவே இப்படிப்பட்ட கருவிகளை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

பைத்தானில் எழுதுகிறவர்கள் பொறாமைப்படத் தேவையில்லை. இன்வோக் என்ற கருவியில் இதே யோசனை மாக் கான்டெக்ஸ்ட் என்ற பெயரில் இருக்கிறது. இந்தக் கட்டளை ஓடினால் இந்தப் பதில் வந்ததாக வைத்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்து, பில்ட் டாஸ்க்கைச் சோதிக்கலாம். பைத்தானில் தமிழுக்கென்றே இருப்பது எழில் நிரல்மொழியைத் தந்த முத்து அண்ணாமலையின் ஓப்பன்-தமிழ் நூலகம். அது பைத்தான் 2, 3 இரண்டிலும் ஓடும்படி வளர்க்கப்பட்டது. தமிழ் எழுத்துகளை எண்ணவும் பிரிக்கவும் செய்கிற நூலகம் அது. அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு 'பொருள்' படுத்தும் பாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் மென்பொருள் எழுதுகிற ஒவ்வொருவரும் தங்கள் பில்டில் ஒரு ஒகரத்தையும் ஒரு ஔகாரத்தையும் வேண்டுமென்றே கோப்புப் பெயராகப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதிக்கிற எந்த டீமுக்கும் இந்தப் பிழை கண்ணில் படாது. நாம்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

கேக்கின் மூல நிரல் எம்ஐடி உரிமத்தோடு கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. அதற்குள் போனால் முதல் ஃபோல்டரிலேயே ஒரு கேக் ஸ்கிரிப்ட் இருக்கும். கேக்கைக் கட்டுவது கேக்தான்! ஏற்கெனவே வெளிவந்த கேக் அடுத்த கேக்கைக் கம்பைல் செய்து, அதன் டெஸ்ட்டுகளை ஓட்டி, பேக் செய்து அனுப்புகிறது. சி ஷார்ப் தெரியாதவர்களும் அந்த டெஸ்ட்டுகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம். பெயர்களே வாக்கியங்களாக இருக்கின்றன: கான்டெக்ஸ்ட் தரப்படாவிட்டால் பிழை எறிய வேண்டும், டூல் கிடைக்காவிட்டால் பிழை எறிய வேண்டும், டூல் கிளம்பாவிட்டால் பிழை எறிய வேண்டும். ஃபோல்டருக்கு ஃபோல்டர் இப்படியே போகும்.